ஆம்பூர் முடிச்சும் ஒரு லாரி பழைய பேப்பரும்

1

போன சனிக்கிழமை இங்கே ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், கையில் கத்தரிக்கோல் பிடித்த ஒரு வகுப்புப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றார்கள். எல்லாரும் ஜெர்மன் பிள்ளைகள், ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி என் மகள். மற்றவர்களைவிட அவள்தான் என்னை அதிகம் முறைத்தாள். காரணம், நான் போட்ட முடிச்சு. அந்த முடிச்சை நான் ஆம்பூரில் கற்றுக்கொண்டேன் என்பதால் நடந்ததில் ஆம்பூர்க்காரர்களான உங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவன். என் மனைவி சுகந்தி வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்து, எழுபதுகளின் கடைசியில் மேற்கு ஜெர்மனிக்கு ஆஸ்பத்திரி வேலையாக வந்தாள். வரும்போது அவள் கொண்டுவந்தவை இரண்டு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர், நான். கஸ்டம்ஸில் குக்கரைத்தான் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என்னை யாரும் பொருட்படுத்தவில்லை.

பிரியாணியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் ஓர் ஆம்பூர்க்காரன் கட்டுரையை முடிக்க முடியும் என்று இதில் நிரூபிப்பதாக இருந்தேன். முதல் பக்கத்திலேயே தோற்றுவிட்டேன். போகட்டும்.

2

எனக்கு இங்கே ஒரு ஷூ கம்பெனியில் வேலை. ஷூவின் மேல்பாகம், அப்பர் என்று நம் பக்கம் சொல்வோமே, அது ஆம்பூரில் தைக்கப்பட்டு அட்டைப்பெட்டிகளில் கப்பலேறி வருகிறது. இங்கே அடிப்பாகம் ஒட்டி ஜெர்மன் ஷூ என்று விற்கிறார்கள். நான் அப்படியே தலைகீழ். மேலே ஜெர்மன் கோட்டு, வீட்டுக்குள் வந்தால் காலில் பழைய ரப்பர் செருப்பு.

வருகிற அப்பர்களைப் பிரித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. வடிவம் கெடாமல் இருப்பதற்காக ஒவ்வொன்றுக்குள்ளும் காகிதத்தைக் கசக்கித் திணித்து அனுப்புவார்கள். என்ன காகிதம்? நம் ஊர்த் தமிழ்ப் பேப்பர். முதல்நாள் பெட்டியைத் திறந்து, ஒரு அப்பருக்குள் கைவிட்டு, கசங்கலை நீவிப் பார்த்தபோது வாணியம்பாடியில் மின்தடை என்று இருந்தது. வாணியம்பாடியில் கரண்ட் போன சந்தோஷத்தில் நான் சிரித்ததைப் பார்த்து ஃபோர்மன் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஷூ வழியாகப் பேப்பர் வந்துகொண்டிருக்கிறது. தினசரி என்று சொல்ல முடியாது. சைஸ்வாரியாக வரும். திணிக்கிறவர்கள் ஒரு பக்கத்தைக் கிழித்து இடது காலுக்குப் பாதி, வலது காலுக்குப் பாதி என்று பிரித்துவிடுவார்கள். இடது காலில் ஒரு பசு கிணற்றில் விழும். தீயணைப்புப் படை வந்ததா என்று தெரிய வலது காலைத் தேட வேண்டும். விரிஞ்சிபுரத்துப் பசு ஒன்றை இன்றுவரை என்னால் கரையேற்ற முடியவில்லை. வலது கால் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது போல.

படித்ததை எறிய மனசு வராது. வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் குடியிருப்பின் நிலவறையில் எங்கள் பங்குக்குக் கொடுத்த மரத்தடுப்புக்குள் அடுக்கினேன். காலி அட்டைப்பெட்டிகளையும் கூடவே கொண்டுவந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். நல்ல பெட்டி. எதற்காவது ஆகும். இப்படியே வருஷங்கள் போயின. சைக்கிளுக்கு இடமில்லை. உருளைக்கிழங்குச் சாக்கைப் பெட்டிகளின் தலைமேல் வைத்தோம்.

3

இங்கே குப்பை போடுவதற்கு ஓர் அட்டவணை உண்டு. எந்தக் கிழமை எந்தக் குப்பை, எத்தனை மணிக்குள், எந்தப் பக்கத்து ஓரம் எல்லாம் அச்சிட்டுத் தருவார்கள். விசாவுக்கே என்னிடம் இவ்வளவு விவரம் கேட்கவில்லை. ஒருமுறை தப்பான கிழமையில் தப்பான வாளியை வைத்துவிட்டேன். அதைத் திருப்பி என் கதவுக்கு முன்னாலேயே வைத்து, மேலே ஒரு சீட்டும் ஒட்டியிருந்தார்கள். அகராதி பார்த்துப் படித்தேன். மரியாதையாகத்தான் திட்டியிருந்தார்கள்.

பழைய பேப்பருக்குச் சனிக்கிழமை. கட்டுக் கட்டாகத் தெருவோரம் வைத்தால் லாரி எடுத்துப் போய்க் காகித ஆலையில் சேர்க்கும். இந்த வருஷம் அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

என் மகள் ஷீலா நாலாம் வகுப்பு. அவளிடம் தமிழ் உண்டு. ஆனால் ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் வெளியே எடுப்பாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அதனால் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "அப்பா, சாம்பார் நல்லா இருக்குது" என்று அவள் தமிழில் ஆரம்பித்ததும் நான் உஷாராகிவிட்டேன்.

"இன்னா வேணும்?" என்றேன்.

"கீழ இருக்கற பேப்பர் எல்லாம் வேணும்."

விஷயம் இதுதான். காகித ஆலை ஒரு லாரியை அனுப்புகிறது. பக்கப்பலகை உயரத்துக்கு அவள் வகுப்பு அதை நிரப்பிவிட்டால், ஆலைக்காரர்கள் வகுப்பு முழுவதையும் காட்டுக்குள் முகாமுக்கு அழைத்துப் போவார்கள். நிரம்பாவிட்டால் கிடையாது. இந்த நாட்டில் இப்போது காடு செத்துக்கொண்டிருக்கிறது என்று தினமும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். பிள்ளைகள் மரத்துக்காக அழுகிறார்கள். ஷீலா வகுப்பில் எழுந்து, எங்கள் நிலவறையிலேயே பாதி லாரி இருக்கிறது, என் அப்பா தருவார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"நான் சொல்லிட்டேன்பா. நீ குடுக்கலன்னா எல்லாரும் சிரிப்பாங்க."

"அது பழைய பேப்பர் இல்லமா. படிக்கற பேப்பர்."

"பசு இன்னும் கிணத்துலதான் இருக்குது," என்றாள் சுகந்தி, இட்லியைப் பிட்டபடி. "அத வெச்சுக்கிட்டு எத்தன வருஷம் படிப்பீங்க?"

ஷீலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தமிழ் தீர்ந்துபோனதால் மிச்சத்தை ஜெர்மனில் சொன்னாள். பழைய தாளிலிருந்து புதுத் தாள் செய்தால் அவ்வளவு மரம் வெட்ட வேண்டாம். மரத்திலிருந்து செய்வதைவிடத் தண்ணீரும் குறைவு, மின்சாரமும் குறைவு. குப்பை மேட்டில் போட்டால் அங்கே மக்கிக் கெட்ட வாயு விடும், இடத்தையும் அடைக்கும். ஒரே நாரைத் திரும்பத் திரும்பத் தாளாக்கலாம். ஒவ்வொரு தடவையும் நார் கொஞ்சம் குட்டையாகும். கடைசியில் முட்டை அடுக்குகிற அட்டையாகி ஓய்வெடுக்கும்.

நான் விடவில்லை. "இத எங்களுக்கே சொல்லித் தர்றியா? எங்க ஊர்ல ஒரு பேப்பர் எத்தன வீடு போகும் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "தெரியும். அங்க போயிட்டே இருக்கும். இங்க உன்னாண்ட வந்து நின்னுடுச்சு."

சுகந்தி தட்டைப் பார்த்தபடி சிரித்தாள். எனக்குச் சாம்பார் கொஞ்சம் உறைத்தது.

4

தெரியும் என்று அவள் சொன்னதைத்தான் நான் நம்பவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நல்ல கத்திரி வெயிலில், ஆம்பூர் போயிருந்தோம். பஜாரில் சுகந்தியின் அண்ணன் ஜெயசீலன் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அந்த லீவு முழுவதும் ஷீலா கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முகத்தைத் தொங்கப் போட்டிருந்தாள். எப்போது வீட்டுக்குப் போகிறோம் என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்டதில்லை. வீடு என்று அவள் சொன்னது இந்த வாளி அட்டவணை ஊரை.

அவள் கண்ணுக்கு முன்னால்தான் எல்லாம் நடந்தது. வீடுகளில் பழைய பேப்பர் வாங்குகிற காதர் பாய் கட்டைக் கொண்டுவந்து மச்சானிடம் போடுவார். எடை போடும்போது இருவருக்கும் தினம் ஒரு சண்டை.

"இன்னா பாய், இந்த வெயில்ல கட்டு ஈரமா இருக்குது?"

"பேப்பர்ல புயல் சேதி போட்டிருக்கான் சார். அதான்."

"எடை ஜாஸ்தி காட்டுது பாய்."

"காட்டட்டும் சார். கம்மியா காட்டினா நான்தான பேஜாராவேன்."

ஒருநாள் பாய் பெரிய தராசின் ஒரு தட்டில் பேப்பர் கட்டை வைத்துவிட்டு, "பாப்பா சும்மாதான உக்காந்திருக்குது" என்று மறு தட்டில் ஷீலாவை உட்கார வைத்தார். பேப்பர் கட்டு கீழே, ஷீலா மேலே. கடை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இறங்கிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். மச்சான் அவளுக்குப் பொட்டலம் மடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவள் மடித்த முதல் பொட்டலத்தில் அடி இல்லை. கால் கிலோ உளுந்து வாடிக்கையாளர் காலில் கொட்டியது. எதிர்ச் சுவரில் ஓர் ஆடு, பசை காயாத சினிமா போஸ்டரைக் கீழிருந்து மேலாகத் தின்றுகொண்டிருந்தது. அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி.

நம் ஊரில் மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து யாரும் பொட்டலம் மடித்ததில்லை. பருப்பு கட்டக் காகிதம் வேண்டும், மடித்தோம். மரம் அதற்கெல்லாம் காரணம் கேட்கப் போவதில்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் நான் வாயைத் திறக்க முடியாது. தோல் தொழிலில் இருந்தவன். பாலாற்றுக்குள் எங்கள் வாய்க்கால் இறங்குகிற இடத்தில் மணல் என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். மரத்தைக் கூழாக்கும் ஆலைகளும் ஆற்றுக்கு அப்படித்தான் கறுப்புத் தண்ணீர் தருகின்றன என்றும், பழைய தாளைக் கரைத்தால் அந்த அழுக்கு குறைவு என்றும் ஷீலா சொன்னபோது, எதிர்வாதம் செய்ய எனக்குத் தகுதியில்லை என்று தோன்றியது. "எடுத்துக்கோ" என்றேன்.

எல்லாவற்றையும் அல்ல. நல்ல செய்திகளாகப் பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டு உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். பசுவும் அதில்தான் இருந்தது.

5

கட்டுகிற வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். கெட்டியாகக் கட்டிக் கொடுக்க வேண்டும், பிள்ளையின் மானம் அதில் இருக்கிறது.

ஆம்பூரில் யாராவது கயிறு வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? சைக்கிள் கேரியரில் தோல் வார். கட்டிலுக்குத் தோல் வார். ஸ்கூல் பைக்கு, வேலிப் படலுக்கு, கோழியின் காலுக்குத் தோல் வார். கம்பெனி கட்டிங்ஸ் இருக்கும்போது கயிறு எதற்கு? இங்கேயும் எங்கள் கம்பெனியில் ஓரம் வெட்டிய வார்களைக் குப்பையாகத்தான் போடுகிறார்கள். ஒரு கோணி கேட்டு வாங்கிவந்து குளியலறைத் தொட்டியில் ஊறவைத்தேன். ஈரவாரில் கட்டினால் காயக் காய இறுகும். அதுதான் நம் ஊர் முடிச்சு.

"இன்னாங்க இது, தொட்டியில பாம்பு மாதிரி மெதக்குது?" என்றாள் நைட் டியூட்டி முடிந்து வந்த சுகந்தி.

"வார்."

"கடையில கயிறு விக்கறான் இல்ல?"

"ஆம்பூர்க்காரன் கயிறு வாங்கினான்னு வெளிய தெரிஞ்சா கேவலம்."

"நீங்க தொட்டிய விட்டா நான் குளிப்பேன். அது கேவலம் இல்ல."

சனிக்கிழமை காலை மைதானத்தில் எங்கள் கட்டுகள்தான் பெரிய மலை. ஷீலா அதன் பக்கத்தில் மந்திரி மாதிரி நின்றாள். லாரி டிரைவர், ஆலையிலிருந்து வந்த பெரிய மீசைக்காரர், ஒரு கட்டைத் தூக்கப் போனவர் தூக்காமல் குனிந்து பார்த்தார்.

"இது என்ன?"

"கட்டுகிற வார்."

"தோலா?"

"நல்ல தோல்."

"நாங்கள் இதைத் தண்ணீரில் போட்டுக் கூழாக்குவோம். தோல் கூழாகுமா?"

ஆகாது. தண்ணீரில் கரையாத தோல் செய்வதற்காக எனக்கு இரண்டு தேசங்களில் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். கூழில் ஒரு துண்டு போனாலும் சல்லடை அடைக்கும், தாளில் புள்ளி விழும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அவிழ்த்துச் சணல் கயிற்றில் கட்டினால் ஏற்றிக்கொள்வார். ஆனால் பன்னிரண்டு மணிக்கு லாரி கிளம்பிவிடும்.

டீச்சரம்மா சணல் உருண்டையையும் கத்தரிக்கோல்களையும் எடுத்துவந்தார். பள்ளிக்கூடக் கத்தரிக்கோல், நுனி மழுங்கியது. காய்ந்து இறுகிய வாரில் அது பல்லில்லாதவன் முறுக்கு கடிப்பதுபோல வழுக்கியது.

"உன் அப்பா என்ன, கப்பலையா கட்டினார்?" என்று ஒரு பையன் ஷீலாவைக் கேட்டான்.

ஷீலா என்னைப் பார்த்து ஜெர்மனில் ஏதோ சொன்னாள். ஜெர்மனில் சொன்னதால், என்னிடமிருந்து அவளுக்கு இனி எதுவும் வேண்டாம் என்று புரிந்தது. அவள் கண் கலங்கியிருந்தது. காட்டுக்குப் போவது போனால்கூடப் பரவாயில்லை. நாற்பது கண்கள் பார்க்க அப்பா ஒரு கோமாளியாக நிற்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

என் கருவிப்பையில் தோல் அறுக்கும் கத்தி இருந்தது. எடுத்து அறுக்க ஆரம்பித்தேன். நான் அறுப்பது, பிள்ளைகள் சணலால் கட்டுவது என்று ஏற்பாடு. அதிலும் ஒரு சிக்கல். வருஷக்கணக்கில் ஷூவுக்குள் கசங்கிக் கிடந்த காகிதம் படியவே மாட்டேன் என்றது. வாரை அறுத்ததும் ஒவ்வொரு தாளும் எழும்பிப் பழையபடி ஷூ வடிவத்துக்கே போனது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். காகித ஷூ போட்டுக்கொண்டு நடந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். ஒருவரும் கட்டவில்லை. டீச்சரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது, கப்பலையா என்று கேட்ட அந்தப் பையன் ஒரு தாளைத் தூக்கி, "ஷீலா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்றான்.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் தாளை வாங்கினாள். ஒரு கட்டின்மேல் ஏறி நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"ஆம்பூர்," என்று ஜெர்மனில் வாசித்தாள். "இன்று பஜார் தெருவில் ஓர் ஆடு ஒரு சினிமா நடிகரைத் தின்றது. காலிலிருந்து ஆரம்பித்து மீசை வரை தின்றுவிட்டு, மீசை பிடிக்காமல் நிறுத்திவிட்டது."

பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். "அப்புறம்?"

"நீங்கள் கட்டினால்தான் அடுத்த செய்தி."

கைகள் வேலை செய்ய ஆரம்பித்தன. ஷீலா அடுத்த தாளை எடுத்தாள்.

"வெளிநாட்டுச் சிறுமி ஒருத்தி தராசில் நிறுத்துப் பார்க்கப்பட்டாள். அவளைவிடப் பழைய பேப்பரே கனமானது என்று பாய் ஒருவர் தீர்ப்பளித்தார்."

"வாசி, வாசி," என்றார்கள்.

"மளிகைக் கடை ஒன்றில் பருப்பு மழை. மாமா ஒருவரின் வாடிக்கையாளர் முழங்கால் வரை நனைந்தார். பொட்டலம் மடித்தவரைப் போலீஸ் தேடுகிறது. மாமா காட்டிக்கொடுக்க மறுத்துவிட்டார்."

நான் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவள் கையிலிருந்தது கண் சிகிச்சை முகாம் அறிவிப்பும் பாதி மூட்டுவலித் தைல விளம்பரமும். அதையும் தலைகீழாகப் பிடித்திருந்தாள். என் பார்வையைப் பார்த்துவிட்டுத் தாளைச் சட்டென்று உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். அந்த லீவு முழுவதும் தொங்கப் போட்டிருந்தாளே, அதே முகம். டீச்சரம்மாகூட, உங்கள் ஊர்ப் பேப்பர் இவ்வளவு சுவாரசியமா என்று என்னிடம் கேட்டார். ஆமாம், எல்லாம் உண்மைச் செய்தி என்றேன்.

மணி பன்னிரண்டை நெருங்கியபோது கட்டுகள் எல்லாம் லாரியில் ஏறியிருந்தன. மச்சான் அனுப்பிய ஊறுகாய் சுற்றிவந்த எண்ணெய்த் தாள்களை மட்டும் டிரைவர் முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பக்கப்பலகைக்கு ஒரு மூலை தாழ்ந்திருந்தது. ஒரு பெட்டி அளவு.

பிள்ளைகள் புத்தகப்பைகளைத் துழாவினார்கள். ஷீலா என்னைப் பார்க்கவில்லை. எங்கள் நிலவறை காலி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"லாரியக் கொஞ்சம் நிறுத்தி வையுங்க," என்று தமிழிலேயே டிரைவரிடம் சொல்லிவிட்டு, யாருடைய சைக்கிள் என்று பார்க்காமல் ஏறி மிதித்தேன். வீட்டு நிலவறையில் இறங்கி, உருளைக்கிழங்குச் சாக்கைத் தள்ளிப் பெட்டியை இழுத்தேன். அதைத்தான் இருக்கிறதிலேயே கெட்டியாகக் கட்டிவைத்திருந்தேன். மைதானத்துக்குத் திரும்பியதும், டிரைவர் வாரைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் அறுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூலை நிரம்பியது. பலகைக்கு மேல் கொஞ்சம் எழும்பக்கூடச் செய்தது. விரிஞ்சிபுரத்துப் பசுவும் அதில் போகிறது. கூழில் கிணறு கரைந்துவிட்டால் அது எப்படியும் வெளியே வந்துவிடும்.

திரும்பி நடக்கும்போது ஷீலா என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, அந்த ஆடு மீசையையும்தான் துன்னுச்சு," என்றாள், தமிழில்.

நான் உஷாரானேன். "இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம்," என்றாள்.

6

டீச்சரம்மா ஆளுக்கொரு குறிப்புத்தாள் கட்டு கொடுத்தார், பழைய பேப்பரிலிருந்து செய்தது. ஷீலா அதைக் காட்டுக்கு எடுத்துப் போகாமல் எனக்குத் தந்துவிட்டாள். அதில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் சாம்பல் நிறம், பேனா லேசாக ஊறுகிறது, குறை சொல்ல வேறொன்றும் இல்லை. திங்கட்கிழமை ஆம்பூர் பெட்டிகள் வந்தன. படித்தேன், அடுத்த சனிக்கிழமைக்கு எடுத்து வைத்தேன். சணல் கயிறும் வாங்கிவிட்டேன். இதை ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள். இது அச்சாகி உங்கள் கைக்கு வந்தால், வெளிநாட்டிலிருந்து நம்மாள் எழுதியது என்று வெட்டிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். பாயிடம் போடுங்கள். அதில் மச்சான் உளுந்து கட்டட்டும். அடியை மட்டும் ஒழுங்காக மடிக்கச் சொல்லுங்கள்.